தமிழில் மின்னூல் வெளியிட்டு உரிமைத்தொகை பெறுவது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

2016 டிசம்பரில் அமேசான் கிண்டில் தமிழ், இந்தி, மராத்தி, குஜராத்தி, மலையாளம் ஆகிய ஐந்து இந்திய மொழிகளில் நூல்களை விற்கத் தொடங்கியது. அதுவரை தமிழில் மின்னூல் என்றால் பெரும்பாலும் பிடிஎஃப் கோப்பு, இல்லாவிட்டால் 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் போன்ற தன்னார்வத் தொகுப்புகள். எழுதியவருக்குப் பணம் வரும் வழி அவற்றில் இல்லை. இன்று கிண்டில் டைரக்ட் பப்ளிஷிங், சுருக்கமாக கேடிபி, என்ற தளத்தில் யார் வேண்டுமானாலும் கணக்குத் தொடங்கித் தன் நூலை விற்பனைக்கு வைக்கலாம். கட்டணம் கிடையாது. குறைந்தபட்சம் இத்தனை பிரதி அச்சடிக்க வேண்டும் என்ற நிபந்தனையும் கிடையாது.

கோப்பை ஏற்றும் வேலை அரை மணி நேரத்தில் முடிந்துவிடும், அதைக் காட்டும் காணொளிகளும் ஏராளம். பதிப்பகத்தில் பிழை திருத்துபவர், பக்கம் வடிவமைப்பவர், அட்டை வரைபவர், விலை வைப்பவர் எனப் பலர் பார்த்த வேலை இப்போது உங்கள் ஒருவர் மேல் வந்து விழுகிறது என்பதை அவை சொல்வதில்லை. இந்த வழிகாட்டி அந்த வேலைகளைப் பற்றியது. கேடிபியை மையமாக வைத்து எழுதுகிறேன். தமிழ் மின்னூலுக்கு உரிமைத்தொகை (ராயல்டி) தரும் தளங்களில் அதற்குத்தான் வாசகர் கூட்டம் பெரிது.

## உரிமை உங்களிடம்தான் இருக்கிறதா?

நூல் புதியது, எங்கும் வெளியாகாதது என்றால் இந்தக் கேள்விக்கு விடை எளிது. எழுதிய கணமே பதிப்புரிமை உங்களுடையது. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி அது உங்கள் ஆயுளுக்கும், அதன் பிறகு 60 ஆண்டுகளுக்கும் நீடிக்கும். பதிவு செய்வது கட்டாயமில்லை. ஆனால் பின்னால் திருட்டு நடந்தால் பதிவுச் சான்றிதழ் நல்ல ஆதாரம். இலக்கியப் படைப்புக்குப் பதிவுக் கட்டணம் 500 ரூபாய்தான்.

சிக்கல் பழைய நூல்களில் இருக்கிறது. பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் ஒரு பதிப்பகத்தில் அச்சாகி, இப்போது பிரதி கிடைக்காத நூல்கள் பல எழுத்தாளர்களிடம் இருக்கின்றன. மின்னூலுக்கு இதைவிடப் பொருத்தமான சரக்கு வேறில்லை. ஆனால் அவற்றின் மின்னுரிமை யாரிடம் இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் தொட வேண்டும்.

ஒப்பந்தம் இருந்தால் அதை எடுத்து வரிக்கு வரி படியுங்கள். சட்டத்தின் 19ஆம் பிரிவு இங்கே உங்களுக்குக் கைகொடுக்கும். உரிமை மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும், கையெழுத்து இருக்க வேண்டும். எத்தனை ஆண்டுகளுக்கு என்று ஒப்பந்தம் சொல்லாவிட்டால் 5 ஆண்டுகள் என்றே கொள்ளப்படும். எந்த நிலப்பரப்புக்கு என்று சொல்லாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். 2012ஆம் ஆண்டுத் திருத்தம் இன்னொன்றையும் சேர்த்தது: ஒப்பந்தம் போட்ட காலத்தில் இல்லாத, அல்லது வணிகப் பயன்பாட்டுக்கு வராத ஊடகத்துக்கு, அந்த ஊடகத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டிருந்தால் ஒழிய, உரிமை மாற்றம் செல்லாது. உங்கள் ஒப்பந்தம் மிகப் பழையது என்றால் இந்தத் திருத்தம் அதற்கு எப்படிப் பொருந்தும் என்று ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நடைமுறையில் மிக நல்ல வழி, பதிப்பாளரிடமே பேசி, "இந்த நூலின் மின்னூல் உரிமை ஆசிரியரிடமே இருக்கிறது" என்று இரண்டு வரிக் கடிதம் வாங்கிக்கொள்வது. பெரும்பாலானோர் முகம் சுளிக்காமல் தருவார்கள். நூலின் பகுதிகள் ஏற்கெனவே இணையத்தில் கிடைத்தால் கேடிபி உரிமைச் சான்று கேட்டு மின்னஞ்சல் அனுப்பும். அப்போது இந்தக் கடிதம் உடனே கைக்கு வர வேண்டும்.

பழைய அட்டைப்படத்தை அப்படியே எடுத்துப் போடாதீர்கள், அது ஓவியருக்கோ பதிப்பகத்துக்கோ உரியது. மொழிபெயர்ப்பு என்றால் மூல ஆசிரியரின் அனுமதி வேண்டும். கதைக்குள் திரைப்பாடல் வரிகளை முழுதாக எடுத்தாண்டிருந்தால் நீக்கிவிடுங்கள், அல்லது அனுமதி வாங்குங்கள்.

மறைந்து 60 ஆண்டுகள் கடந்த ஆசிரியர்களின் படைப்புகளையும், தமிழ்நாடு அரசு நாட்டுடைமையாக்கிய நூல்களையும் யாரும் வெளியிடலாம் என்பது உண்மைதான். ஆனால் இப்படி எல்லோருக்கும் பொதுவாகிவிட்ட நூலை வெறுமனே நகலெடுத்து ஏற்றுவதைக் கேடிபி ஊக்குவிப்பதில்லை. இலவசப் பதிப்பு ஏற்கெனவே இருந்தால் உங்கள் பதிப்பில் உரை, மொழிபெயர்ப்பு, ஓவியம் என ஏதாவது புதிதாக இருக்க வேண்டும். உரிமைத்தொகையும் 35 விழுக்காட்டைத் தாண்டாது. சொந்த எழுத்து இருக்கும்போது அந்தப் பக்கம் போக வேண்டியதில்லை.

## எழுத்தைச் சுத்தம் செய்தல்

தமிழ் மின்னூல்களில் வாசகர் பணத்தைத் திரும்பக் கேட்பதற்கும் ஒற்றை நட்சத்திரம் தருவதற்கும் எழுத்துப் பிழை போதுமான காரணம். அதனால் இந்தப் பகுதிக்கு எவ்வளவு நேரம் கொடுத்தாலும் தகும்.

உங்கள் கோப்பு யூனிகோடில், அதாவது எல்லாக் கருவியிலும் ஒன்றுபோலத் தெரியும் பொதுக் குறியாக்கத்தில், இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 2010 ஜூனில் தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தர அமைப்பாக ஏற்றது. ஆனால் அதற்குப் பின்னும் அச்சகங்களில் பாமினி, வானவில், ஸ்ரீலிபி போன்ற பழைய எழுத்துருக்கள் தொடர்ந்தன. சோதிக்க ஒரு வழி: ஒரு பத்தியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டுங்கள். தமிழாகவே தெரிந்தால் யூனிகோடு. ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்து கொட்டினால் பழைய குறியாக்கம்.

மாற்றுவதற்கு என்ஹெச்எம் கன்வர்ட்டர், சுரதாவின் பொங்குதமிழ் போன்ற இலவசக் கருவிகள் இருக்கின்றன. மாற்றிய பின்தான் உண்மையான வேலை தொடங்குகிறது. கோப்பில் இடையிடையே ஆங்கிலச் சொற்கள் இருந்திருந்தால் அவையும் தமிழாக மாறிப் பொருளற்ற எழுத்துக் குவியலாகியிருக்கும். மேற்கோள் குறிகள் வேறு எழுத்தாகியிருக்கும். கீழே உள்ளவற்றைத் தேடல் பெட்டியில் ஒவ்வொன்றாகத் தேடுங்கள்:

- "ஔ" என்ற ஓரெழுத்துக்குப் பதில் "ஒ", "ள" என இரண்டு எழுத்துகளாக இருப்பது. கண்ணுக்கு ஒன்றுபோல் தெரியும். ஆனால் வாசகர் "ஔவையார்" என்று தேடினால் உங்கள் நூலில் அந்தச் சொல் அகப்படாது. "கௌரவம்" போன்ற சொற்களிலும் இதே கோளாறு வரும்.
- துணைக்காலுக்குப் பதில் "ர", "ர"வுக்குப் பதில் துணைக்கால்.
- "எ" இருக்க வேண்டிய இடத்தில் தமிழ் எண் "௭", "க" இருக்க வேண்டிய இடத்தில் "௧".
- எந்த எழுத்தோடும் சேராமல் தனியாக நிற்கும் கொம்பும் புள்ளியும். இவை திரையில் புள்ளிகளால் ஆன வட்டத்தோடு காட்சியளிக்கும்.
- "கொ", "போ" போன்றவற்றில் கொம்பும் காலும் தனித்தனியாக உள்ளிடப்பட்டிருப்பது.

அச்சு நூல் மட்டும்தான் கையில் இருக்கிறது, கோப்பு இல்லை என்றால் பக்கங்களை 300 டிபிஐ அளவில் ஸ்கேன் செய்து கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறந்தால் எழுத்துணரி உரையாக மாற்றித் தரும். தமிழ் விக்கிமூலத் தன்னார்வலர்கள் ஆயிரக்கணக்கான பக்கங்களைக் கூகுளின் எழுத்துணரி கொண்டுதான் உரையாக்கியிருக்கிறார்கள். சுத்தமான அச்சில் நன்றாகவே வேலை செய்யும். 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய நூல் என்றால், பழைய வடிவ னை, லை, ணா, றா போன்றவை அதைத் தடுமாறச் செய்யும். வரிக்கு வரி மூலத்தோடு ஒப்பிட வேண்டியிருக்கும். தட்டச்சு செய்ய ஆள் வைப்பதே சில சமயம் விரைவான வழி.

அடுத்தது பிழைதிருத்தம். நீச்சல்காரன் உருவாக்கிய வாணி எழுத்துப்பிழை திருத்தியும், நாவி சந்திப்பிழை திருத்தியும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒற்று மிகும் இடம், மிகா இடம், ல-ள-ழ, ர-ற, ன-ண மயக்கங்களில் பெரும்பகுதியை அவை பிடித்துத் தரும். ஆனால் "அவள் வந்தால்" என்பது நிபந்தனையா, "வந்தாள்" என்பதன் பிழையா என்று கருவி சொல்லாது. அதற்கு மனிதக் கண் வேண்டும். எழுதியவரின் கண் அதற்கு உதவாது, தான் எழுத நினைத்ததையே அது படிக்கும். ஒரு பிழைதிருத்துநருக்குப் பணம் கொடுங்கள். மின்னூலுக்கென்று நீங்கள் செலவிடும் முதல் ரூபாய் அட்டைக்குப் போவதைவிட இங்கே போவது நல்லது. அது முடியாதென்றால், கைப்பேசியின் உரை வாசிப்பு வசதியை இயக்கி, நூல் முழுவதையும் காதால் கேளுங்கள். விட்டுப்போன சொல்லும் இருமுறை வந்த சொல்லும் காதுக்கு உடனே பிடிபடும்.

## கோப்பை வடிவமைத்தல்

மின்னூலுக்குப் பக்கம் என்பது கிடையாது. வாசகர் எழுத்தைப் பெரிதாக்கினால் உரை மறுபடி ஓடி அடுக்கிக்கொள்ளும். தமிழ் வாசகர்களில் பலர் கிண்டில் கருவியில் படிப்பதில்லை, கைப்பேசிச் செயலியில்தான் படிக்கிறார்கள். எனவே உங்கள் நூலை ஆறங்குலத் திரையில் வைத்தே கற்பனை செய்யுங்கள்.

பிடிஎஃப் வேண்டாம். வேர்டு கோப்பையோ, மின்னூலுக்கென்றே உள்ள இபப் வடிவக் கோப்பையோ ஏற்றுங்கள். வேர்டில் செய்ய வேண்டியவை இவைதாம்: அத்தியாயத் தலைப்புகளுக்கு "ஹெடிங் 1" பாணியைக் கொடுங்கள், உள்ளடக்கப் பட்டியல் அதிலிருந்தே உருவாகும். அத்தியாய முடிவில் என்டர் விசையைப் பத்து முறை தட்டாமல் "பேஜ் பிரேக்" இடுங்கள். பத்தியின் முதல் வரி உள்தள்ளலை இடைவெளிகளால் செய்யாமல் பத்தி அமைப்பில் செய்யுங்கள். பக்க எண், தலைக்குறிப்பு, இரட்டை நெடுவரிசை எல்லாவற்றையும் நீக்கிவிடுங்கள். அடிக்குறிப்புகளை வேர்டின் அடிக்குறிப்பு வசதி வழியாகவே இடுங்கள், கிண்டிலில் அவை தொட்டால் திறக்கும். எழுத்துருவைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், கிண்டில் தன் தமிழ் எழுத்துருவையே காட்டும்.

தமிழுக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. "சொல்லிக்கொண்டிருந்தபோதுதான்" போன்ற சொற்கள் சிறு திரையில் ஏறக்குறைய ஒரு வரியை எடுத்துக்கொள்ளும். இருபுறமும் சமமாக்கிய வரியில் அதனால் ஓட்டை ஓட்டையாக இடைவெளி விழும். நீளச் சொற்கள் மிகுந்த நடை உங்களுடையது என்றால் உரையை இடப்பக்கம் மட்டும் சீராக்கிப் பாருங்கள். அரைப் பக்க நீளப் பத்திகளையும் பிரியுங்கள், அச்சில் கம்பீரமாக இருந்தது கைப்பேசியில் மூச்சுமுட்டும்.

கவிதை நூல் வெளியிடுபவர்களுக்கு வேலை அதிகம். வரி முறிவுகளை ஷிஃப்ட்டோடு என்டர் தட்டி இடுங்கள். மடங்கி விழும் நீள வரி புதிய வரி என்று வாசகர் எண்ணிவிடாதபடி, மடங்கும் பகுதி சற்று உள்ளே தள்ளி வருமாறு பத்தி அமைப்பில் தொங்கும் உள்தள்ளலைக் கொடுங்கள்.

இபப் செய்ய விரும்பினால் கூகுள் டாக்ஸும் லிப்ரே ஆபீஸும் நேரடியாக ஏற்றுமதி செய்யும். உள்ளே புகுந்து திருத்த சிகில் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. இரண்டு வழியிலும் கடைசியில் கிண்டில் பிரிவியூவர் என்ற இலவசச் செயலியில் திறந்து, கைப்பேசி, டேப்லெட், கிண்டில் மூன்றிலும் எப்படித் தெரிகிறது என்று முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை புரட்டிப் பாருங்கள்.

## அட்டை

உயரம் 2560 பிக்சல், அகலம் 1600 பிக்சல், ஜேபெக் வடிவம். இது கேடிபி பரிந்துரைக்கும் அளவு. கடையில் உங்கள் அட்டை தபால்தலை அளவில்தான் தெரியும் என்பதால் தலைப்பு பெரிதாக, தெளிவாக இருக்க வேண்டும். அட்டையில் உள்ள தலைப்பும், பின்னால் நீங்கள் படிவத்தில் எழுதும் தலைப்பும் எழுத்துப் பிசகாமல் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நூல் நிறுத்தி வைக்கப்படும்.

வடிவமைப்பவர் ஃபோட்டோஷாப்பில் யூனிகோடுத் தமிழைத் தட்டும்போது கொம்பு இடம் மாறி நிற்கலாம். இந்திய மொழிகளுக்கான "வேர்ல்டு ரெடி" கம்போசரை இயக்கினால் சரியாகும். இந்த ஒரு அமைப்பைத் தெரியாமல் தலைப்பிலேயே சிதைந்த தமிழோடு வெளியான அட்டைகள் உண்டு. இணையத்தில் கிடைத்த படத்தை எடுத்து ஒட்டுவது திருட்டு. உரிமம் தெளிவான படக்களஞ்சியத்திலிருந்து எடுங்கள், இல்லையேல் ஓவியரிடம் எழுதி வாங்குங்கள்.

## கணக்குத் தொடங்குதல்

உங்கள் வழக்கமான அமேசான் கணக்கிலேயே கேடிபியில் நுழையலாம். ஒருவருக்கு ஒரு கணக்குதான் அனுமதி. புனைபெயருக்கென்று இன்னொன்று தொடங்கினால் இரண்டும் முடக்கப்படும் ஆபத்து உண்டு. ஒரே கணக்கில் எத்தனை புனைபெயரில் வேண்டுமானாலும் நூல் வெளியிடலாம், அதனால் இரண்டாவது கணக்குக்குத் தேவையே இல்லை.

பெயர் பான் அட்டையில் உள்ளபடி இருக்கட்டும், முகவரியையும் வங்கி விவரத்தையும் சரியாகக் கொடுங்கள். அடுத்து வருவது வரி நேர்காணல் என்ற பகுதி. இது பலரையும் அச்சுறுத்தும். இங்கே நீங்கள் நிரப்புவது அமெரிக்காவின் டபிள்யூ-8பென் படிவம். அமெரிக்கச் சந்தையில் விற்கும் நூலின் உரிமைத்தொகைக்கு அங்கே வரி பிடிப்பார்கள். ஒன்றும் தெரிவிக்காவிட்டால் 30 விழுக்காடு. இந்திய - அமெரிக்க வரி ஒப்பந்தத்தின்படி அது 15 விழுக்காடாகக் குறையும். அந்தச் சலுகை கிடைக்க, வெளிநாட்டு வரி எண் கேட்கும் இடத்தில் உங்கள் பான் எண்ணைக் கொடுத்தால் போதும். அமெரிக்கத் தமிழர்களை நம்பி எழுதுபவர்கள் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

## நூல் விவரப் பக்கம்

மொழியைத் தமிழ் என்று தேர்ந்தெடுங்கள். தலைப்பைத் தமிழில் எழுதுங்கள். தமிழ் வாசகர்களில் பலர் தேடல் பெட்டியில் ஆங்கில எழுத்துகளில்தான் தட்டுவார்கள் என்பதால் தலைப்பின் ஒலிபெயர்ப்பும் உங்கள் பெயரின் ஒலிபெயர்ப்பும் குறிச்சொற்களில் இருக்கட்டும். குறிச்சொற்களுக்கு ஏழு பெட்டிகள் தருவார்கள். "நாவல்" என்ற ஒற்றைச் சொல்லை அங்கே போட்டுப் பயனில்லை. "தஞ்சாவூர் பின்னணி குடும்ப நாவல்", "சோழர் கால வரலாற்றுக் கதை" என்று வாசகர் தேடக்கூடிய தொடராக எழுதுங்கள். வகை மூன்று தேர்ந்தெடுக்கலாம்.

நூல் அறிமுகத்துக்கு 4000 எழுத்துகள்வரை இடம் உண்டு. அத்தனையும் நிரப்ப வேண்டியதில்லை. முதல் இரண்டு வரிகள்தான் கைப்பேசியில் தெரியும், மற்றவை "மேலும் வாசிக்க" என்பதற்குள் ஒளிந்துகொள்ளும். ஆகவே உங்கள் விருதுப் பட்டியலைப் பின்னால் தள்ளிவிட்டு, கதை எதைப் பற்றியது என்பதை முதல் வரியிலேயே சொல்லுங்கள்.

ஐஎஸ்பிஎன் கட்டாயமில்லை. அமேசான் தானாகவே அசின் என்ற பத்து எழுத்து எண்ணை வழங்கும். சொந்த ஐஎஸ்பிஎன் வேண்டுமென்றால் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இந்தியாவில் இலவசமாகவே தருகிறது. அதை விலைக்கு விற்பவர்களிடம் போகாதீர்கள்.

2023 செப்டம்பரிலிருந்து, உரையோ படமோ மொழிபெயர்ப்போ செயற்கை நுண்ணறிவால் உருவாக்கப்பட்டதா என்ற கேள்வியும் படிவத்தில் இருக்கிறது. உண்மையைச் சொல்லுங்கள். பிழைதிருத்த மட்டும் பயன்படுத்தியதைத் தெரிவிக்க வேண்டியதில்லை, கருவியே எழுதியதை மறைக்கக் கூடாது.

## விலையும் உரிமைத்தொகையும்

இரண்டு விகிதங்கள் உண்டு: 35 விழுக்காடு, 70 விழுக்காடு. பார்த்தவுடன் 70ஐ அழுத்தத் தோன்றும். அதற்கு முன் மூன்று விஷயங்களைக் கணக்கில் எடுங்கள்.

முதலாவது, 70 விழுக்காடு ஒரு குறிப்பிட்ட விலை எல்லைக்குள் மட்டுமே கிடைக்கும். அமெரிக்கச் சந்தையில் அந்த எல்லை 2.99 டாலரிலிருந்து 9.99 டாலர்வரை. ஒவ்வொரு நாட்டுக்கும் உள்ள எல்லையை விலைப் பக்கத்திலேயே காட்டுவார்கள். அச்சு நூலும் விற்பனையில் இருந்தால் மின்னூல் விலை அதைவிடக் குறைந்தது 20 விழுக்காடு குறைவாக இருக்க வேண்டும்.

இரண்டாவது, இந்தியாவில் விற்கும் பிரதிக்கு 70 விழுக்காடு வேண்டுமானால் நூலைக் கேடிபி செலக்ட் என்ற தனியுரிமைத் திட்டத்தில் சேர்த்தாக வேண்டும் (அதைப் பற்றி அடுத்த பகுதியில்). சேராவிட்டால் 35தான். அமெரிக்கா, பிரிட்டனுக்கு இந்த நிபந்தனை இல்லை.

மூன்றாவது, 70 விழுக்காட்டில் கோப்பின் எடைக்கு விநியோகக் கட்டணம் பிடிப்பார்கள். இந்தியாவில் ஒரு எம்பிக்கு 7 ரூபாய், அமெரிக்காவில் 15 சென்ட். 35 விழுக்காட்டில் இது இல்லை. வரியை ஒதுக்கிவிட்டு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். விலை 150 ரூபாய், கோப்பு 2 எம்பி என்றால் 150இல் 14 போக 136, அதில் 70 விழுக்காடு 95 ரூபாய் 20 காசு. அதே நூல் 35 விழுக்காட்டில் 52 ரூபாய் 50 காசு. இப்போது படங்கள் நிறைந்த ஒரு பயண நூல், கோப்பு 12 எம்பி என்று வையுங்கள். 84 ரூபாய் கட்டணம் போக மிஞ்சுவது 66, அதில் 70 விழுக்காடு 46 ரூபாய் 20 காசு. 35 விழுக்காடே மேல். சமையல் குறிப்பு, கோயில் படங்கள், சிறுவர் நூல் போடுபவர்கள் ஒன்று படங்களைச் சுருக்க வேண்டும், இல்லையேல் 35ஐத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

விலையைப் பொறுத்தவரை என் கருத்து: முழு நாவலை 49 ரூபாய்க்குக் கொடுப்பதால் வாசகர் பெருகுவதில்லை, எழுத்தின் மதிப்புதான் குறைகிறது. அச்சுப் பிரதியின் விலையில் பாதிக்குக் கீழே போகாதீர்கள். டாலர் விலையைத் தானியங்கி மாற்றத்துக்கு விட்டுவிடாமல் தனியாக வையுங்கள். டொராண்டோவில் இருப்பவருக்கு 3 டாலர் ஒரு காபியின் விலை, உங்களுக்கு அது 70 விழுக்காட்டின் வாசல்.

## செலக்டில் சேரலாமா?

செலக்டில் சேர்ந்தால் நூல், சந்தா கட்டி நூல்களைப் படிக்கும் கிண்டில் அன்லிமிடெட் வாசகர்களுக்குத் திறந்துவிடப்படும். அவர்கள் படிக்கும் பக்கங்களின் எண்ணிக்கைக்கு ஏற்பப் பணம் வரும். பக்க விலை மாதாமாதம் மாறும், நாட்டுக்கு நாடு மாறும். இந்தியாவில் அது பைசாக் கணக்கு. ஆனால் தொடர்கதைபோல அடுத்தடுத்து வாசிக்கப்படும் குடும்ப நாவல், காதல் நாவல் எழுதுபவர்களுக்குப் பல மாதங்களில் விற்பனையைவிட இந்தப் பக்கக் கணக்கே பெரிதாக வரும். நீளமான நூலுக்கும் வரிசையாக நூல் வைத்திருப்பவருக்கும் இது லாபம். 60 பக்கக் கவிதைத் தொகுப்புக்கு இதில் ஒன்றும் தேறாது.

இதற்கு நீங்கள் கொடுக்கும் விலை, 90 நாள் தனியுரிமை. அந்தக் காலத்தில் நூலின் மின்வடிவம் வேறெங்கும் இருக்கக் கூடாது, இலவசமாகக்கூட. பத்து விழுக்காடுவரை மாதிரியாகக் காட்டலாம், அவ்வளவுதான். அச்சு நூலுக்கு இந்தத் தடை இல்லை. தமிழ் எழுத்தாளர்கள் அடிக்கடி மாட்டிக்கொள்ளும் இடம் இது. முகநூலிலோ பிரதிலிபி என்ற கதைத் தளத்திலோ தொடராக எழுதி, முடிந்தபின் தொகுத்துக் கிண்டிலில் ஏற்றுகிறார்கள், பழைய அத்தியாயங்கள் அங்கேயே கிடக்கின்றன. ஏற்றுவதற்கு முன் எல்லாவற்றையும் நீக்குங்கள். உங்கள் கதையின் ஒரு நீள வரியை மேற்கோள் குறிக்குள் போட்டுக் கூகுளில் தேடி, வேறு யாரிடமும் நகல் இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். 90 நாள் முடிந்ததும் திட்டம் தானே புதுப்பித்துக்கொள்ளும். வெளியேற விரும்பினால் அந்தத் தேர்வை முன்கூட்டியே எடுத்துவிட வேண்டும்.

கட்டுரை, ஆய்வு, துறைசார் நூல் எழுதுபவர்கள் செலக்டுக்கு வெளியே இருப்பதே நல்லது என்று நினைக்கிறேன். இத்தகைய நூலைத் தேடி வாங்குபவர் சந்தாவுக்காக வருபவர் அல்லர். கூகுள் பிளே புக்ஸ் இபப், பிடிஎஃப் இரண்டையும் ஏற்கிறது, ஆண்ட்ராய்டு கைப்பேசி வைத்திருப்பவரை நேரே சென்றடையும். உங்கள் சார்பில் எல்லாத் தளத்திலும் ஏற்றித்தரும் நிறுவனங்களும் உண்டு. அவர்களோடு கையெழுத்திடும் முன் காலம் எவ்வளவு, பங்கு எவ்வளவு, விலகும் வழி என்ன என்ற மூன்றையும் எழுத்தில் பாருங்கள். முன்பணம் கட்டினால்தான் வெளியிடுவோம் என்பவர்கள் பெரும்பாலும் நீங்களே இலவசமாகச் செய்யக்கூடியதைத்தான் விற்கிறார்கள்.

## வெளியான பிறகு

வெளியிடும் பொத்தானை அழுத்தியபின் 72 மணி நேரத்துக்குள் நூல் கடைக்கு வரும். வந்ததும் நீங்களே ஒரு பிரதி வாங்கிக் கைப்பேசியில் படியுங்கள். பிழை தென்பட்டால் திருத்திய கோப்பை மறுபடி ஏற்றலாம். ஆனால் முன்பே வாங்கியவர்களின் பிரதி தானாக மாறிவிடும் என்று நம்ப முடியாது. அதனால்தான் பிழைதிருத்தத்தை அவ்வளவு வற்புறுத்தினேன்.

செலக்டில் இருந்தால் 90 நாளில் 5 நாள் நூலை இலவசமாகக் கொடுக்கலாம். ஐந்தையும் முதல் வாரத்திலேயே கொட்டிவிடாதீர்கள். இரண்டாம் பாகம் வெளிவரும் நாளில் முதல் பாகத்தை இலவசமாக்குவதுதான் இதன் சரியான பயன். ஒரே ஒரு நூல் மட்டும் வைத்திருப்பவர் இலவச நாள்களால் பெறுவது பதிவிறக்க எண்ணிக்கை மட்டுமே.

குடும்பத்தாரையும் நெருங்கிய நண்பர்களையும் மதிப்புரை எழுதச் சொல்லாதீர்கள். "நீ எனக்கு எழுது, நான் உனக்கு எழுதுகிறேன்" என்ற ஏற்பாடும் வேண்டாம். இரண்டும் அமேசான் விதிக்கு மாறானவை, மொத்த மதிப்புரைகளும் நீக்கப்படலாம். நூலின் கடைசிப் பக்கத்தில், படித்து முடித்தவர் கருத்து எழுத வேண்டுமென ஒரு வரியும், உங்கள் மற்ற நூல்களின் இணைப்பும் வையுங்கள். அதுவரை படித்து வந்தவரைவிட உங்களுக்கு நல்ல வாசகர் கிடைக்க மாட்டார்.

டெலிகிராம் குழுக்களில் தமிழ் நாவல்கள் பிடிஎஃப்பாகச் சுற்றுவது எல்லோரும் அறிந்த வேதனை. டிஆர்எம் என்ற நகல் தடுப்புப் பூட்டு அதை முழுதாகத் தடுக்காது. உங்கள் நூலைக் கண்டால் திரையைப் படம் (ஸ்கிரீன்ஷாட்) எடுத்து வைத்துக்கொண்டு, அந்தத் தளத்தின் பதிப்புரிமைப் புகார் வழியில் எழுதுங்கள். கூகுள் தேடலிலிருந்து நீக்கக் கூகுளுக்கும் தனியாகப் புகார் அளிக்கலாம். பதிப்புரிமைப் பதிவுச் சான்றிதழ் இங்கே பயன்படும்.

## பணம் வருவதும் வரியும்

ஒரு மாதத்தில் சேர்ந்த உரிமைத்தொகை, அந்த மாதம் முடிந்து சுமார் 60 நாள் கழித்து வங்கிக்கு வரும். ஜனவரி விற்பனைக்கு மார்ச் இறுதியில் பணம். ஒவ்வொரு நாட்டுச் சந்தையின் தொகையும் தனித்தனி வரவாக விழும் என்பதால் வங்கிப் புத்தகத்தில் சிறுசிறு தொகைகளைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். கேடிபியின் மாத அறிக்கையைப் பதிவிறக்கி ஒவ்வொரு மாதமும் சேமித்துவையுங்கள். வருமான வரித் தாக்கலில் அதுதான் ஆதாரம், அமெரிக்காவில் பிடித்த வரியை இங்கே ஈடுகட்டவும் அதுவே உதவும்.

1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 80 க்யூக்யூபி பிரிவு, இந்தியாவில் வசிக்கும் எழுத்தாளருக்கு இலக்கிய, கலை, அறிவியல் நூல்களின் உரிமைத்தொகையில் ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாய்வரை கழிவு தருகிறது. பாடநூல்களுக்கு இது பொருந்தாது. பழைய வரி முறையைத் தேர்ந்தவர்களுக்கே கிடைக்கும். மொத்தமாக ஒரே தொகையாக வாங்காமல் விற்பனைக்கேற்பப் பெறும்போது, விற்ற நூல்களின் மதிப்பில் 15 விழுக்காட்டைத்தான் கழிவுக்கு எடுத்துக்கொள்வார்கள். 70 விழுக்காடு பெறும் தற்பதிப்பாளருக்கு அதில் ஒரு பகுதி மட்டுமே கழிவாகும். வெளிநாட்டிலிருந்து வரும் தொகைக்குத் தனிப் படிவம் உண்டு. 2026 ஏப்ரல் 1 முதல் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் புதிய வருமான வரிச் சட்டம் என்பதால் அதில் பிரிவு எண்கள் வேறு. உங்கள் தணிக்கையாளரிடம் பிரிவின் எண்ணைச் சொல்லாமல் "எழுத்தாளர் உரிமைத்தொகைக் கழிவு" என்று கேளுங்கள்.

கடைசியாக ஒரு வேலை. பதிப்புரிமை உங்களுக்குப் பின் 60 ஆண்டுகள் உங்கள் வாரிசுகளுடையது. ஆனால் கணக்கின் கடவுச்சொல் உங்கள் தலைக்குள் மட்டும் இருந்தால் அவர்களால் ஒரு நூலின் விலையைக்கூட மாற்ற முடியாது. எந்தத் தளத்தில் எந்த மின்னஞ்சலில் கணக்கு, எந்தெந்த நூல், மூலக் கோப்புகள் எங்கே, பதிப்பாளர்களிடம் வாங்கிய கடிதங்கள் எங்கே என்பதை ஒரு தாளில் எழுதி, உயிலில் பதிப்புரிமை யாருக்கு என்பதையும் தெளிவாகக் குறிப்பிட்டு, வீட்டில் ஒருவரிடம் சொல்லிவையுங்கள். புதிய நூல் வெளியாகும்போதெல்லாம் அந்தத் தாளில் ஒரு வரி சேர்க்க வேண்டியிருக்கும்.